பொந்தைக் காப்பவளும் பழம் கொணர்பவனும்

எக்லெக்டஸ் கிளியில் ஆண் பச்சை, பெண் சிவப்பு. இதை நம்புவதற்குப் பறவையியலாளர்களுக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. ஸ்டாட்டியஸ் முல்லர் என்ற ஜெர்மானிய விலங்கியலாளர் 1776-இல் இந்தக் கிளிக்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதற்குப் பின் மொலுக்கஸ் தீவுகளிலிருந்தும் நியூகினியிலிருந்தும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு வந்து சேர்ந்த பாடம் செய்த உடல்களில் பச்சைப் பறவைகள் ஓர் இனமாகவும், சிவப்புப் பறவைகள் வேறோர் இனமாகவும் பதிவாகிக்கொண்டே இருந்தன. பச்சை எல்லாம் ஆண்கள், சிவப்பு எல்லாம் பெண்கள், இரண்டும் ஒரே பறவை என்று அடால்ஃப் பெர்ன்ஹார்ட் மேயர் 1874-இல் எழுதினார். அப்போதும் அதை எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை.

ஏற்காதவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆண் பறவை தளிர்ப் பச்சை. விலாவிலும் சிறகின் அடியிலும் சிவப்பு. மேல் அலகு ஆரஞ்சு நிறத்தில் தொடங்கி நுனியில் மஞ்சளாக முடியும். பெண்ணின் தலை கருஞ்சிவப்பு, வயிறு நீலம் அல்லது ஊதா, அலகு முழுக்கக் கறுப்பு. இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பொதுவான சாயல் என்று ஒன்றும் தட்டுப்படாது.

நிறம் வேறுபடுவதைவிட, அது எந்தப் பக்கம் வேறுபடுகிறது என்பதுதான் அறிவியலைக் குழப்பியது. பெரும்பாலான பறவைகளில் ஆண் பகட்டாக இருக்கும். அடைகாக்கும் பெண் மங்கலாக இருக்கும். பெண் பகட்டாக இருக்கும் பறவைகள் சில உண்டு. நம் ஏரிகளில் வாழும் மயில் உள்ளான் அப்படிப்பட்டது. அங்கே பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும்; ஆண்தான் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும். வேலை இடம் மாறியதால் நிறமும் இடம் மாறியது என்று விளக்கிவிடலாம். எக்லெக்டஸில் அந்த விளக்கம் செல்லாது. பெண்தான் அடைகாக்கிறாள், ஆனாலும் அவள்தான் பகட்டாக இருக்கிறாள். இருபதாம் நூற்றாண்டின் மிகப்பெரிய பரிணாம உயிரியலாளர்களில் ஒருவரான வில்லியம் ஹாமில்டன், இந்தக் கிளியின் சிவப்புக்கும் பச்சைக்கும் காரணம் தெரிந்துவிட்டால் நிம்மதியாகச் சாவேன் என்ற பொருள்படச் சொன்னதாக உயிரியலாளர்கள் நினைவுகூர்வார்கள். அவர் 2000-இல் இறந்தார். விடை 2005-இல் வந்தது.

அந்த விடையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கூண்டில் அது செய்யும் ஒவ்வொன்றுக்கும், தின்ன மறுப்பதற்கும் கடிப்பதற்கும் ஓயாமல் முட்டையிடுவதற்கும் இறகைப் பிடுங்கிக்கொள்வதற்கும், காரணத்தைத் தேடிப் போனால் நாம் போய் நிற்கும் இடம் ஒரு காடு.

அந்தக் காடு ஆஸ்திரேலியாவின் வடகோடியில், கேப் யார்க் தீபகற்பத்தில் இருக்கிறது. பெயர் அயர்ன் ரேஞ்ச். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹைன்சோனும் அவருடைய குழுவினரும் 1990-களின் இறுதியிலிருந்து அங்கே உயர்ந்த மழைக்காட்டு மரங்களில் கயிறு கட்டி ஏறி, கிளிகளின் பொந்துகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் முதலில் கண்டது தட்டுப்பாடு. முட்டையிடத் தக்க ஆழமான, உலர்ந்த பொந்து அந்தக் காட்டில் மிக அரிது. பொந்து கிடைத்த பெண் அதை விட்டு நகர்வதில்லை. ஆண்டில் பதினொரு மாதங்கள்வரை பொந்துக்குள்ளோ அதன் வாயிலிலோ இருந்து காவல் காக்கிறாள். இடம் பிடிக்க வரும் வேறு பெண்களோடு சண்டையிடுகிறாள். அந்தச் சண்டை சில நேரம் சாவில்கூட முடிகிறது.

பொந்தை விட்டு நகராதவளுக்கு யார் சோறு போடுவது? ஆண்கள். ஒருவன் மட்டுமல்ல, ஒரே பெண்ணுக்கு ஏழு ஆண்கள்வரை பழம் கொண்டு வந்து ஊட்டுவதை அந்தக் குழு பதிவு செய்தது. அந்த ஆண்களும் ஒரே பொந்தோடு நின்றுவிடுவதில்லை. வேறு பொந்துகளுக்கும் போகிறார்கள். பழுத்த மரம் தேடி அவர்கள் கிலோமீட்டர் கணக்கில் பறக்க வேண்டும். அந்த வழியெல்லாம் வல்லூறுகளும் ஆந்தைகளும் காத்திருக்கின்றன.

ஹைன்சோனும் சாரா லெக்கும் ஜான் எண்ட்லரும் 'சயன்ஸ்' இதழில் 2005-இல் எழுதிய கட்டுரை நிறத்தின் கணக்கை இங்கிருந்துதான் தொடங்கியது. ஆண் இலைகளுக்கு நடுவே திரிகிறான், ஆகவே இலையின் நிறம் அவனுக்குப் பாதுகாப்பு. பெண்ணுக்கு ஒளிந்துகொள்ளப் பொந்து இருக்கிறது. நிறத்தால் ஒளிய வேண்டிய தேவை இல்லை. பொந்தின் வாயிலில் தெரியும் அந்தச் சிவப்பு, இங்கே ஆள் இருக்கிறது என்று நெடுந்தொலைவுக்கு அறிவிக்கிறது. ஆணின் பச்சையிலும் ஒரு நுட்பம் உண்டு. கிளிகளின் கண்ணுக்குப் புற ஊதா ஒளி தெரியும், வேட்டைப் பறவைகளின் கண் அந்த ஒளிக்கு அவ்வளவு கூர்மையானது அல்ல. மரத்தண்டின் பின்னணியில் நிற்கும் ஆண், தன் இனத்தின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறான். மேலே வட்டமிடும் வல்லூற்றுக்கு இலையோடு இலையாகக் கரைந்துவிடுகிறான்.

பொந்து எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும் இன்னொரு உண்மை, கேட்கக் கடினமானது. மழையில் நீர் புகும் மோசமான பொந்துகளில் ஓர் ஆண் குஞ்சும் ஒரு பெண் குஞ்சும் பொரித்தால், தாய் ஆண் குஞ்சைப் பிறந்த முதல் மூன்று நாள்களுக்குள் கொன்றுவிடுவதுண்டு. பெண் குஞ்சு சில நாள்கள் முன்னதாகவே பறக்கத் தயாராகும். வெள்ளம் வருவதற்குள் தப்பிக்க அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். குஞ்சின் மென்தூவி நிறத்திலேயே பாலினம் தெரிவதால் தாயால் இதைச் செய்ய முடிகிறது. இதைக் காட்டிய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, வளர்ப்பில் இருந்த ஒரு பெண் கிளி தொடர்ச்சியாக இருபது ஆண் குஞ்சுகளைப் பெற்ற பிறகே முதல் பெண் குஞ்சைப் பெற்றதாகவும் பதிவாகியிருந்தது. இந்தப் பறவையின் உடலும் புத்தியும் முட்டை, பொந்து, உணவு ஆகிய மூன்றைச் சுற்றியே உருவானவை.

இனி வீட்டுக்கு வருவோம்.

ஒரு பெண் எக்லெக்டஸ் வீட்டுக்குள் வந்ததும் முதலில் தேடுவது இருட்டான மூலை. சோபாவின் அடி, பீரோவின் பின்புறம், திறந்து கிடக்கும் அலமாரித் தட்டு, ஓர் அட்டைப்பெட்டி என்று எதுவும் அவள் கண்ணுக்குப் பொந்துதான். ஒருமுறை அங்கே நுழைந்து பழகிவிட்டால் உடலின் சுரப்பிகள் முட்டையிடத் தயாராகிவிடும். ஜோடி இல்லாமலே, கருவுறாத முட்டைகளை ஈடு ஈடாக இடுவாள். அவளைத் தொட வரும் கை, பொந்தைப் பிடுங்க வந்த கை. கடி ஆழமாக விழும். 'நேற்றுவரை நன்றாக இருந்தது, திடீரென்று வெறி பிடித்துவிட்டது' என்று சொல்லிப் பறவையை விற்றுவிடுபவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. அந்தப் பறவைக்கு வெறி எதுவும் இல்லை. அதன் இனத்துக்கு வாழ்வையே தந்த வேலையை அது செய்துகொண்டிருக்கிறது.

ஓயாமல் முட்டையிடுவது உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் கால்சியம் எலும்பிலிருந்து போகிறது. கால்சியம் வற்றினால் தசை சுருங்க முடியாமல் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அல்லது வலிப்பு வரும். ஆகவே மூலைகளை அடைத்துவிடுங்கள். கூண்டுக்குள் பெட்டியோ துணிக்கூடாரமோ வைக்காதீர்கள். இரவு 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுங்கள். முதுகையும் வாலடியையும் தடவிக் கொடுப்பதை நிறுத்துங்கள், அது அவளுக்கு இணைசேர்வதற்கான அழைப்பு. இத்தனைக்கும் பிறகு முட்டை இட்டுவிட்டால் உடனே எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் அந்த இடத்தை நிரப்ப இன்னொன்று இடுவாள். சலித்து அவளே விட்டுப் போகும்வரை அங்கேயே இருக்கட்டும்.

ஆணின் குணம் வேறு. உணவு தேடி ஊட்டுவதற்காக அமைந்தவன் என்பதால் வீட்டிலும் தான் தின்றதைக் கக்கி, பிடித்த மனிதரின் கைக்கு ஊட்டப் பார்ப்பான். பேச்சையும் நன்றாகப் பிடித்துக்கொள்வான். ஒரே கூண்டில் ஜோடியாக அடைத்தால் பெரும்பாலும் பெண்தான் அதிகாரம் செய்வாள். ஒதுங்க இடமில்லாத ஆண் அடிபடுவான், உணவுத் தட்டருகே நெருங்கக்கூட முடியாமல் மெலிவான். காட்டில் அவன் ஊட்டிவிட்டுப் பறந்துவிடுகிறான். கூண்டில் பறக்க எங்கும் இல்லை. ஜோடியாக வைப்பவர்கள் இரண்டு உணவுத் தட்டுகளும், ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒதுங்கும் அளவுக்குப் பெரிய கூண்டும் வைத்தாக வேண்டும்.

இப்போது உணவு. இந்தக் கிளியைப் பொறுத்தவரை மிக அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

காட்டில் எக்லெக்டஸ் தின்பது பழம், குறிப்பாக அத்தி வகைகள். அதோடு கொட்டைகள், விதைகள், பூக்கள், இலைக்குருத்து. நம் ஊர்ப் பறவைக் கடையில் கிளி என்றாலே நினைவுக்கு வரும் உணவு சூரியகாந்தி விதை. அதன் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. பாஸ்பரஸ், கால்சியத்தைப்போலப் பல மடங்கு. வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. வெறும் விதையில் வளரும் கிளிக்கு மூக்கடைப்பும், வாய்க்குள் வெண்படலமும், மூச்சுக்குழாய்த் தொற்றும் வருவதற்குக் காரணம் இந்தக் கடைசிக் குறைதான். வைட்டமின் ஏ இல்லாதபோது வாய், மூக்கு, மூச்சுப்பாதை ஆகியவற்றின் ஈரமான உள்தோல் தடித்து, காய்ந்து, தோலின் மேற்பரப்பைப்போல மாறிவிடுகிறது. சளி சுரக்க வேண்டிய இடத்தில் உலர்ந்த செதில்கள் சேரும். பூஞ்சைக்கும் நுண்ணுயிருக்கும் அது திறந்த கதவு.

இதைப் படித்ததும் மருந்துக்கடைக்குப் போய் வைட்டமின் சொட்டு மருந்து வாங்கிக் குடிநீரில் கலப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆயத்த வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது. மிஞ்சியது கல்லீரலில் தங்கி நஞ்சாகும். காக்கடீல் கிளிகளில் நடந்த ஆய்வுகளில், அளவு மீறிய வைட்டமின் ஏ அவற்றின் குரலெழுப்பும் பழக்கத்தையே மாற்றியது தெரிந்தது. காய்கறிகளில் இருக்கும் பீட்டா கரோட்டின் பாதுகாப்பானது, ஏனெனில் உடல் தேவைப்படும் அளவுக்கு மட்டுமே அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. பரங்கிக்காய், கேரட், அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சிவப்புக் குடமிளகாய், பப்பாளி, முருங்கைக்கீரை என்று நம் சந்தையில் இதற்குப் பஞ்சமே இல்லை. காய்ந்த மிளகாயைக் கொடுத்தாலும் ரசித்துத் தின்னும். பறவைகளின் நரம்பில் இருக்கும் வெப்ப உணர் புரதத்துக்கு மிளகாயின் காரம் உறைப்பதில்லை.

எக்லெக்டஸ் வளர்ப்பவர்களைக் கலங்கவைக்கும் ஒரு நோய்க்குறி உண்டு. கிளி தன் கால்விரல்களைத் தாளம்போல மடக்கி மடக்கி நீட்டும், சிறகைத் திரும்பத் திரும்ப உதறும், நிறுத்த முடியாமல் தவிக்கும். வைட்டமினும் தாதுவும் செறிவூட்டிய பெல்லட் தீவனம், ஊட்டச்சத்துப் பொடிகள், கால்சியச் சமன்குலைவு ஆகியவற்றின்மேல் பறவை மருத்துவர்களும் அனுபவசாலிகளும் சந்தேகப்படுகிறார்கள். நடைமுறையில் முதல் வேலை, சேர்க்கப்பட்ட சத்துகளை எல்லாம் நிறுத்திவிட்டு எளிய புது உணவுக்கு மாறுவது. இரண்டாவது, இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்வது. மற்றக் கிளிகளுக்கு நல்ல அடிப்படை உணவாக இருக்கும் பெல்லட்டை இந்தக் கிளிக்கு நான் முதன்மை உணவாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்காகப் பழம்தின்னி என்ற பட்டத்தை நம்பிக் கடைப்பழத்தை மட்டும் கொட்டுவதும் தவறுதான். பனாமாவின் காட்டுப் பழங்களை ஆராய்ந்த காதரின் மில்டன், அவற்றில் நுண்சத்துகள் நிறைந்திருப்பதைக் காட்டினார். மனிதன் வளர்த்தெடுத்த பழங்கள் நம் நாக்குக்காகப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நீரும் சர்க்கரையும் ஏறியவை. காட்டு அத்திக்கு ஈடாகத் திராட்சையையும் ஆப்பிளையும் வைக்க முடியாது. அத்திப்பழத்தில் கால்சியம் மிகுதி என்பதை நினைவில் வைத்தால், கடைப்பழம் எங்கே குறைவுபடுகிறது என்பது விளங்கும். ஆகவே தட்டில் காய்கறியும் கீரையும்தான் அதிகம் இருக்க வேண்டும். அதற்கு அடுத்து மாதுளை, கொய்யா, பப்பாளி, அத்தி. பிறகு முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்த கொண்டைக்கடலை, சிறிது தானியம். விதையும் கொட்டையும் கையால் கொடுக்கும் பரிசு அளவுக்கு மட்டும். மாதுளையை ஒரு முறை வைத்துப் பாருங்கள்: கூண்டும் சுவரும் உங்கள் சட்டையும் சிவந்துவிடும், கிளிக்கு அவ்வளவு விருப்பம்.

சில எச்சரிக்கைகள். பாலக் போன்ற கீரைகளில் ஆக்சலேட் மிகுதி, அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தினமும் அதையே வைக்காமல் மாற்றி மாற்றிக் கொடுங்கள். ராஜ்மா போன்ற பெரிய பயறுகளைப் பச்சையாகவோ முளைகட்டியோ தரக் கூடாது, நன்றாக வெந்திருக்க வேண்டும். அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், பூண்டு, உப்பிட்ட தின்பண்டம் ஆகியவற்றை அறவே தவிருங்கள். ஆப்பிள் கொடுத்தால் விதையை எடுத்துவிடுங்கள். நம் வெயிலில் நறுக்கிய பழமும் முளைப்பயறும் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். காலையில் வைத்த தட்டு மதியம்வரை கூண்டில் இருக்கக் கூடாது. ஈர உணவு தின்னும் கிளியின் எச்சம் நீர்த்திருக்கும். அதைக் கண்டு வயிற்றுப்போக்கு என்று பதறுவார்கள். கரும்பச்சையான திடப்பகுதி உருக்குலையாமல் இருந்தால், சுற்றியுள்ள நீர் பழத்தின் நீர்தான். திடப்பகுதியே குழைந்து கரைந்திருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலுக்கு அந்தச் சக்தி இல்லை, தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். பாதி நிழலும் பாதி வெயிலுமாகக் கூண்டை மாடியிலோ முற்றத்திலோ காலை நேரத்தில் வைப்பது எந்தச் சொட்டு மருந்தைவிடவும் மேல். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். காக்கையும் பருந்தும் கூண்டுக் கம்பியைப் பொருட்படுத்தாது.

நிறத்துக்காக எதையும் ஊட்ட வேண்டியதில்லை. பூநாரையின் சிவப்பு அது தின்னும் உணவிலிருந்து வருகிறது. கிளிகளின் சிவப்பும் மஞ்சளும் அப்படியல்ல. சிட்டாகோஃபுல்வின் என்ற நிறமியை அவை தம் இறகுகளிலேயே தயாரித்துக்கொள்கின்றன. ஆணின் பச்சை என்பது அந்த மஞ்சள் நிறமியும், இறகின் நுண்ணமைப்பு சிதறடிக்கும் நீல ஒளியும் சேர்ந்த கலவை. எனவே கேரட் கொடுத்தால் சிவப்பு ஏறாது. ஆனால் உணவு கெட்டால் இறகு அதைக் காட்டிவிடும். பச்சை இறகில் கருமை படர்ந்தால் கல்லீரலையும் உணவையும் பார்க்க வேண்டும். இறகின் குறுக்கே மெல்லிய கோடுகள் விழுந்தால், அது முளைத்த நாள்களில் பறவை பட்டினியாலோ நோயாலோ அச்சத்தாலோ அவதிப்பட்டிருக்கிறது.

அச்சம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. பயந்தால் பல கிளிகள் கத்தும், படபடக்கும். எக்லெக்டஸ் பெரும்பாலும் உறைந்து நிற்கும். அசையாமல் இருப்பதைப் பார்த்து 'எவ்வளவு சாது' என்று வீட்டார் மகிழ்வார்கள்; விருந்தினர்கள் கையை நீட்டுவார்கள். உள்ளே அது நடுங்கிக்கொண்டிருக்கலாம். உடலோடு ஒட்டி இறுகிய இறகும், கண்ணின் கருமணி விரிந்து சுருங்குவதும் அதன் மொழி. அதைப் படிக்கத் தவறும் வீடுகளில்தான் இறகைப் பிடுங்கிக்கொள்ளும் பழக்கம் தொடங்குகிறது. வேலையின்மையும் அதற்கு உரமூட்டும். காட்டில் நாளெல்லாம் பழம் தேடி அலைந்த உயிருக்குக் கிண்ணத்தில் உணவை வைத்துவிட்டால், பத்து நிமிடத்தில் அன்றைய வேலை முடிந்துபோகிறது. உணவைக் காகிதத்தில் சுற்றி, ஓலையில் முடிந்து, கூண்டின் வெவ்வேறு உயரங்களில் தொங்கவிடுங்கள். வேப்பங்கிளையும் கொய்யாக்கிளையும் வெட்டிக் கட்டினால் பட்டையை உரித்தே பாதி நாளைக் கழிக்கும்.

நம் வீடுகளுக்கே உரிய இரண்டு எமன்கள் மின்விசிறியும் நான்ஸ்டிக் தவாவும். கிளி வெளியே இருக்கும்போது விசிறி ஓடக் கூடாது. அடுப்பில் மறந்துபோய் அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் புகை மனிதருக்குத் தெரியாத அளவில் இருந்தாலும், காற்றை அவ்வளவு முழுமையாக உறிஞ்சும் பறவை நுரையீரலுக்கு அது நிமிடக் கணக்கில் சாவு. கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையையும் அந்த அறைக்குள் விடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பச்சைக்கிளி உட்பட நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்து வளர்ப்பது குற்றம். எக்லெக்டஸ் அயல்நாட்டு இனம் என்பதால் வளர்க்கலாம். ஆனால் அது வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024-இல் வந்த விதிகளும், வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. குஞ்சு பொரித்தாலும் கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். இதைச் சிலர் தொல்லை என்பார்கள். சாலமன் தீவுகளிலிருந்து ஆயிரக்கணக்கான பறவைகள் 'வளர்ப்பில் பிறந்தவை' என்ற சீட்டோடு ஏற்றுமதியானதையும், அவ்வளவைப் பெருக்கும் பண்ணைகளே அங்கே இல்லை என்று பறவை வணிகத்தைக் கண்காணிப்போர் சுட்டிக்காட்டியதையும் அறிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காட்டில் அந்தப் பொந்துகள் எத்தனை அரியவை என்பதைப் பார்த்தோம். குஞ்சு பிடிக்க வருபவன் மரத்தையே வெட்டிச் சாய்த்தால், அதன் பிறகு அந்தப் பொந்தில் எந்தப் பெண்ணும் முட்டையிட முடியாது.

இத்தனையும் தெரிந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய ஓர் உயிரை ஏற்கத் துணிந்தவர்கள், வாங்கும்போது பெற்றோர்ப் பறவைகளையும் பதிவுத் தாளையும் கேட்டுப் பாருங்கள். கையால் ஊட்டினால் அதிகம் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி, தானே தின்னத் தெரியாத குஞ்சைத் தள்ளிவிடும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். கூழின் சூடு கொஞ்சம் கூடினாலே குஞ்சின் தீனிப்பை வெந்துவிடும். கூண்டுக்கு முன் நின்று, குஞ்சு காயும் பழமும் தானாக எடுத்துத் தின்கிறதா என்று பாருங்கள். அங்கே அதற்கு விதை மட்டுமே பழக்கம் என்றால், புது வீட்டில் பழைய உணவை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். பழகாத உணவுக்கு முன்னால் பட்டினி கிடக்கும் கிளிகள் உண்டு. ஒரு கிராம் தராசு வாங்கி, தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன் எடை பாருங்கள். நோயைக் கடைசிவரை மறைக்கும் பறவை எடையை மறைக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால், வெளியே எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும், அன்றைக்கே பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் கொண்டு போங்கள்.